ஸ்டார்ட் பண்ண விடாத கார்

பழைய கார்கள் அசலா போலியா என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். கார் வாங்கி விற்பவர்கள் மத்தியில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். அன்று மதியம் அவளை அழைத்துப் போனவன் சொந்தத் தம்பி, பல் டாக்டர்.

“அக்கா, உலகத்துலயே மொத்தம் நாப்பது வண்டிதான் செஞ்சாங்க. அதுல ஒண்ணு நம்ம ஊர்ல நிக்குது. நீ வந்து தலையாட்டினா போதும்.”

“தலையாட்டவா கூட்டிட்டுப் போறே?”

“எனக்குப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் மூஞ்சியை இப்படித்தான் வெச்சிருந்தே.”

“கட்டின பல் எது, சொந்தப் பல் எதுன்னு வாயைத் திறந்ததும் சொல்லிடுறே. காரைப் பார்த்தா மட்டும் ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்கிறே. அதான் வந்தேன்.”

மாடி வீடு அது. பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஷெட். விற்பவர் கேட்டைச் சத்தம் வராதபடி கொஞ்சம் தூக்கித் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். நூலகத்தில் பேசுவதுபோல் அடங்கிய குரல்.

“அப்பா இருந்தவரைக்கும் இதை யாரையும் தொட விட்டதில்லைங்க” என்றார்.

தம்பி மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பையைத் திறந்தாள்.

கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, இரண்டே சீட்டு. தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவள் காரைவிட விற்பவரைத்தான் அதிகம் கவனித்தாள். கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. எந்த வருஷம், யாரிடம் வாங்கியது, எப்போது பெயின்ட் அடித்தது, எல்லாம் ஒப்பிக்கிற மாதிரி. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் இப்படிப் பேசுவதில்லை. “எழுபத்தொண்ணா, ரெண்டா...” என்று தலையைச் சொறிவார்கள். போதாததற்கு மனிதர் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஷெட் வாசலைப் பார்த்துக்கொண்டார்.

துணி சுற்றிய காந்தத்தைக் கதவிலும் மட்கார்டிலும் ஓட்டினாள். பின்சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத்தான் காந்தம் ஒட்டவில்லை; நசுங்கலை மறைக்கப் பட்டி பூசியிருந்தது. மற்றதெல்லாம் தகடு. அடியில் படுத்து டார்ச் அடித்துச் சேசிஸ் எண்ணைப் பார்த்தாள். கையால் அடித்த எண்கள். ஏழு மட்டும் குடித்தவன்போல் சாய்ந்திருந்தது. போலி செய்பவர்கள் இவ்வளவு அசிங்கமாக அடிக்க மாட்டார்கள். சீட்டைக் கழற்றினால் அங்கேயும் அதே எண். கியர்பாக்ஸ் மட்டும் பிறகு மாற்றியது.

வண்டியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் மனசில் ஏதோ நெருடிக்கொண்டே இருந்தது.

“இன்ஜினை ஓட விட்டுப் பார்க்கணும்” என்றாள்.

“அது எதுக்குங்க? நம்பர்தான் சரியா இருக்கே.”

“நம்பரை யார் வேணா அடிக்கலாம். சாதாரண மாடல் இன்ஜினும் வெளியில இருந்து பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஓடினாத்தான் வித்தியாசம் தெரியும்.”

“பேட்டரி செத்துப் போச்சு.”

“கொண்டு வந்திருக்கேன்.”

“பெட்ரோல் இல்ல.”

“அதுவும் இருக்கு.”

“பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது.”

“அக்கா, இன்னொரு நாள் பார்த்துக்கலாமே” என்றான் தம்பி.

“நீ சும்மா இரு.”

விற்பவரின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. சரி, ஆள் மாட்டிக்கொண்டான், உள்ளே இருப்பது மாற்று இன்ஜின்தான் என்று அவள் முடிவு கட்டினாள். பேட்டரியை இணைத்தாள், பெட்ரோலை ஊற்றினாள், சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமியது, தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. சீரில்லாமல், குதிரை தரையை உதைப்பதுபோல் விட்டுவிட்டு உறுமியது. அந்த நாற்பதுக்கு மட்டும் இருந்த உறுமல். சந்தேகமே இல்லை, அசல்.

அவள் நிமிர்வதற்குள் மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல் அதட்டியது.

“டேய்! சோக்கை முழுசா இழுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!”

அவள் இன்ஜினை அணைத்தாள்.

“யாரு அது?” என்றாள்.

விற்பவர் தரையைப் பார்த்தார். “அப்பா.”

“இருந்தவரைக்கும்னு சொன்னீங்களே!”

“செத்துட்டார்னு சொல்லலயே.”

தம்பி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் படியேறிவிட்டாள். மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் கிழவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாக்கர். மகனை விட்டுவிட்டு அவளைத்தான் முறைத்தார்.

“நீ யாரும்மா? இவனுக்குக் கூட்டா?”

“வண்டியைப் பரிசோதிக்க வந்தேங்க.”

“என்னத்தைக் கண்டே?”

“அசல் வண்டி. ஆனா கியர்பாக்ஸ் மாத்தியிருக்கு. பின்னாடி ஒரு இடி வாங்கியிருக்கு.”

“கியர்பாக்ஸ் நான்தான் மாத்தினேன். இடிச்சது இவன்” என்று மகனைக் காட்டினார். “வேலை தெரிஞ்சவதான் நீ. அப்ப இதையும் கேளு. நான் விக்கல.”

மகன் அதுவரை அடக்கி வைத்திருந்த குரல் உடைந்தது. “பாத்ரூம்ல ரெண்டு தடவை விழுந்துட்டீங்க. லிஃப்ட் இருக்கிற வீட்டுக்குப் போலாம்னா, அங்க காரை எங்க விடுறதுன்னு கேக்குறீங்க. நான் என்னதான் பண்றது?”

“அதுக்கு? நான் தூங்குறப்ப திருடுவியா?”

அவள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். வீடு போய்ச் சேரும்வரை அவன் அவளோடு பேசவில்லை. ‘வாயை மூடிக்கிட்டு வாங்கியிருந்தா இந்நேரம் என் வண்டி’ என்று அவன் நினைப்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

அடுத்த மாதம் மகன் போன் செய்தார். அப்பா சம்மதித்துவிட்டாராம்.

“அவர்கிட்ட குடுங்க.”

கிழவர் பேசினார். குரல் அவருடையதுதான். அப்படியும் அவளுக்குத் திருப்தி இல்லை. நேரில் போனாள். ஷெட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக மாடிக்குப் போய், மகனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“உண்மையைச் சொல்லுங்க. கட்டாயப்படுத்தினாரா?”

“படுத்தினான். தினமும்.” கிழவர் முழங்காலைத் தடவினார். “சாப்பாட்டுத் தட்டை வெச்சுட்டு எதிர்லயே உட்கார்ந்துக்குவான். நான் திட்டுவேன், அவனும் திட்டுவான். ஆனா இந்தத் தடவை என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டான். நானும் இந்த ரூம்லயே எத்தனை நாள் கிடக்கிறது? கீழ இறங்கி மனுஷங்களைப் பார்க்கணும்மா.”

“என் தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியுமே தவிர, வேற ஒண்ணும் தெரியாது.”

“ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. சொல்லித் தரேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை கிழவர் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார். தம்பி வண்டியைத் தெருவுக்கு எடுத்தான். அந்த உறுமல் முனை திரும்பி மறையும்வரை கிழவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கேட்டருகில் மகன் அவளிடம் கேட்டார், “இப்பவாவது நம்புறீங்களாங்க?”

“வண்டியை நம்புறேன்” என்றாள் அவள்.