ஓநாய்மேட்டில் ஒன்று

மொன்டானா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் கோல்வின் ஊரில் புளுகுக்கு ஒரு தனிப் பேர் உண்டு. மீன் பிடிக்கப் போய்விட்டு வந்து, "இவ்ளோ பெருசு" என்று ஒருவன் இரண்டு கையையும் விரித்தால், "ஆமாமா, ஓநாய்மேட்டுல ஒண்ணு" என்போம். அதற்கு மேல் அவன் வாயைத் திறக்க மாட்டான்.

அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் மெர்ல் ட்வெய்ட். டிவி ரிப்பேர் செய்கிறவர். சின்னச் சின்ன ஊர்களுக்கும் சொந்தமாக டிவி நிலையம் வைத்துக்கொள்ள உரிமம் தருகிறோம் என்று அரசாங்கம் சொல்லி, குலுக்கல் போட்டது. மனுஷன் ஒரு விண்ணப்பத்தை எழுதிப் போட்டார், அடித்தது யோகம். பதினைந்தாம் அலைவரிசை, பத்தே வாட் சக்தி. ராத்திரி விளக்குக்குக்கூட அதைவிட அதிகம் வேண்டும்! ஊரில் உயரமான இடம் என்றால் ரயில் பாதையோரத் தானியக் கிடங்குதான். அதன் உச்சி அறையில் கருவியையும் கூரையில் ஆன்டெனாவையும் வைத்தார்.

1985 ஜனவரியில், ஹூவென்று குளிர் நடுக்கிய ஒரு சாயங்காலம், மெர்லின் முகம் முதல்முதலாகத் திரையில் வந்தது. ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஃபோன் செய்தால் லைன் தாங்காது என்று அவர் ஒரு வழி வைத்திருந்தார். "நான் தெரியுறேன்னா, உங்க முற்றத்து விளக்கை மூணு தடவை அணைச்சுப் போடுங்க." பண்ணைக்கு ஒரு கம்பம், கம்பத்துக்கு ஒரு விளக்கு. உச்சி ஜன்னலில் பைனாகுலரோடு உட்கார்ந்து எண்ணினார். பதிவேட்டில் எழுதினார்: 'நாற்பத்தொரு விளக்குகள். ஓநாய்மேட்டில் ஒன்று.'

ஓநாய்மேடு ஊரிலிருந்து இருபத்தெட்டு மைல். பத்து வாட் சிக்னல் பன்னிரண்டு மைல் போனாலே பெரிது. அந்த மேட்டில் மனுஷ வாசனையே கிடையாது என்பது ஊர் நினைப்பு. ஊரே சிரித்தது. முதலில் சிரித்தவள் அவர் பெண்டாட்டி ஆர்டிஸ். மெர்ல் அந்த வரியை அடிக்கவில்லை.

நிலையம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது. ஊர்க்கூட்டம், பள்ளிக்கூடப் பாட்டு, மாட்டு விலை, சாவுச் செய்தி. ஒன்றும் இல்லாத நேரத்தில் கேமரா ஒரு கடிகாரத்தையும் தெர்மாமீட்டரையும் மாறி மாறிக் காட்டிக்கொண்டிருக்கும். அதையும் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். உள்ளூரில் கூடைப்பந்து ஆட்டம் என்றால் மட்டும் நிலையத்தை அணைத்துவிடுவார்கள். ஊரே பள்ளி அரங்கில் இருக்கும்போது யாருக்காகக் காட்டுவது? மெர்ல் செத்து நாலு வருஷம் ஆகிறது. அப்புறம் ஆர்டிஸ்தான், தன் முடிதிருத்தும் கடையின் பின்னறையில், ஒரு கையில் கத்தரிக்கோலும் ஒரு கையில் மைக்குமாக நிலையத்தை ஓட்டினாள்.

போன வருஷம் டிசம்பரில் பனிக்கட்டி மழை பெய்து ஆன்டெனா ஒடிந்து விழுந்தது. புது ஆன்டெனா வந்து சேரவும், அறுவடை நெரிசல் முடிந்து கூரையில் ஆள் ஏறவும், இதோ அடுத்த டிசம்பர். சட்டம் ஒன்று இருக்கிறது: பன்னிரண்டு மாதம் முழுசாக ஒலியும் படமும் இல்லாமல் கிடந்தால் உரிமம் தானாகவே செத்துப்போகும். பேச்சுக்கே இடமில்லை. பதினேழாம் தேதி கெடு என்று ஆர்டிஸ் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். ஆன்டெனா கூரையில் நின்றாயிற்று. கேபிளைப் பூட்ட மெக்கானிக் பதினேழாம் தேதி காலையில் வருவதாகப் பேச்சு.

பதினாறாம் தேதி மூன்றரை மணிக்கு, கிடங்கை ரொம்ப காலம் நடத்தி ஓய்வு பெற்று, நிலையத்தில் கூடமாட உதவும் ஓர்வல், பழைய பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஆர்டிஸ், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்னய்யா, ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கலையா?"

"போன வருஷம் பதினாறாம் தேதியும் உள்ளூர் ஆட்டம்தான். அஞ்சரை மணிக்கு நான்தான் நிலையத்தை அணைச்சேன். திரும்பப் போடுறதுக்குள்ள ராத்திரியே ஐஸ் வந்துடுச்சு. பாரு, என் கையெழுத்து."

ஆர்டிஸ் பார்த்தாள். கெடு நாளை இல்லை. இன்றைக்கு அஞ்சரை.

"பதினேழுன்னு மாத்தி எழுதிடேன்," என்றார் ஓர்வல் தயங்கித் தயங்கி. "எவன் வந்து பாக்கப் போறான்?"

"யோவ், வாயை மூடு! இந்தப் புத்தகத்துல அவரு ஒரே ஒரு பொய் எழுதினாரு. அதுக்கே பத்தொன்பது வருஷமா மானம் போகுது. இன்னொண்ணு வேண்டாம். வா, கிடங்குல ஏறலாம்."

கடைக்கும் கிடங்குக்கும் நடுவே இருந்த கம்பி ஐஸில் அறுந்தது அறுந்ததுதான். அதனால் கேமராவையே தூக்கிக்கொண்டு போனார்கள். கிடங்கில் ஒரு ஆள் மட்டும் நிற்கும் லிஃப்ட். கயிற்றைக் கையால் இழுத்து இழுத்துத்தான் ஏற வேண்டும். முதலில் ஆர்டிஸ், பிறகு கேமரா, பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு ஓர்வல். கூரையில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. காற்று துளிகூட அசையவில்லை. கேபிளைப் பூட்டும் மரை கையுறையோடு திருகவில்லை. கழற்றினால் இரும்பு விரலோடு ஒட்டிக்கொண்டது. ஆர்டிஸுக்கு வயது அறுபத்தொன்று. திட்டிக்கொண்டே திருகினாள். ஓர்வலைத் திட்டினாள், ஐஸைத் திட்டினாள், இப்படி ஒரு வேலையைத் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்த மெர்லையும் விடவில்லை.

அஞ்சு இருபத்திரண்டுக்குக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உச்சி அறையின் சின்ன டிவியில் ஆர்டிஸ் தெரிந்தாள், மூக்கு சிவந்து, தொப்பி கோணலாக. நிலையத்தின் பெயரைச் சொன்னாள். உரிமம் பிழைத்தது! ஓர்வல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இறங்கியிருக்கலாம். ஆனால் மெர்ல் முதல் நாள் உட்கார்ந்த அதே ஜன்னல், அதே பைனாகுலர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்டிஸுக்கு என்னவோ போல் ஆயிற்று. கேமராவைப் பார்த்து, "நான் தெரியுறேன்னா உங்க முற்றத்து விளக்கை மூணு தடவை அணைச்சுப் போடுங்க," என்றாள்.

"உனக்குப் பைத்தியமா? ஊரே ஆட்டத்துல இருக்கு."

"தெரியும்யா. சும்மா சொல்லிப் பாத்தேன்."

பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஜன்னலில் போய் நின்றாள். வெளியே எல்லாம் இருட்டு. பண்ணை விளக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அசையாமல் எரிந்தன. ஒன்றும் இமைக்கவில்லை. எதிர்பார்த்ததுதான். பைனாகுலரைத் திரும்ப ஆணியில் மாட்டப் போனவள் அப்படியே நின்றாள்.

வானம் தரையைத் தொடும் கோட்டில், யாரும் இல்லாத அந்த மேட்டில், ஒரு விளக்கு. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

"ஓர்வல்," என்றாள், குரலே எழும்பாமல். "இங்க வா."

ஓர்வல் பார்த்தார். "அட கடவுளே! நட்சத்திரமா இருக்கும், ஆர்டிஸ். குளிருக்கு மினுக்குது."

"இரு."

அவள் மறுபடி கேமரா முன்னால் போனாள். அடுத்த வார்த்தை தானாக வந்தது. "ஓநாய்மேட்டுல இருக்கிறவங்களுக்கு. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. எண்பத்தஞ்சு ஜனவரியில இதே இடத்துல என் வீட்டுக்காரர் கேட்டப்போ விளக்கை அணைச்சுப் போட்டது நீங்கதானா? நீங்கதான்னா, இந்தத் தடவை ரெண்டு வாட்டி போடுங்க. ரெண்டே ரெண்டு."

இருவரும் ஜன்னலில் நின்றார்கள். டிவி முன்னாலிருந்து எழுந்து, கோட்டு மாட்டி, கம்பம்வரைக்கும் அந்த ஆள் பனியில் நடக்க வேண்டும் அல்லவா? ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு போயிற்று. இருபத்தெட்டு மைல் குளிரைத் தாண்டி, ஒரு படுக்கையறை விளக்குக்கும் பத்தாத சக்தியில், தன் கோணல் தொப்பியும் குரலும் அங்கே போய் யார் முன்னாலோ நிற்கின்றன என்று நினைத்தபோது ஆர்டிஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓர்வல் வாய்க்குள் என்னமோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், ஜெபமாகத்தான் இருக்கும்.

அணைந்தது. எரிந்தது.

அணைந்தது. எரிந்தது.

அப்புறம் அசையாமல் நின்று எரிந்தது.

ஆர்டிஸ் ஜன்னல் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். "சிரிச்சேனே, மெர்ல்," என்றாள். "முதல் ஆளா நான்தானே சிரிச்சேன்." ஓர்வல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே பள்ளி அரங்கில் ஊர் முழுக்கக் கத்துவது லேசாகக் கேட்டது.

பேனா மை உறைந்து கிடந்தது. உள்ளங்கையில் உருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, தேதியையும் நேரத்தையும் எழுதினாள். அதன் கீழே: 'ஊரில் விளக்கு ஒன்றும் இல்லை. ஓநாய்மேட்டில் ஒன்று.' கையெழுத்துப் போட்டுப் பேனாவை ஓர்வலிடம் நீட்டினாள்.

"நீயும் போடு. சிரிச்சவன்தானே நீயும்."

ஓர்வல் பேனாவை வாங்கி, அவள் கையெழுத்துக்குக் கீழே போட்டார்.