வாசலில் கழற்றாத பூட்ஸ்

புல்லட் வைத்திருக்கிறவனுக்கு இரண்டு பெண்டாட்டி என்று ஆவடி டாங்கி பேக்டரியில் ஒரு பேச்சு உண்டு. ஜெயபால் விஷயத்தில் மூத்தவள் புல்லட்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கிய வண்டி. பின்னால் வந்த அருள்செல்வி இளையாள் மாதிரி அதில் ஒருக்களித்து உட்கார்ந்துதான் குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்தாள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பூந்தமல்லியிலிருந்து வந்த அந்த முதல் நாள், ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

அந்த மூத்தவள்தான் எண்பத்தெட்டாம் வருஷம் செப்டம்பர் மாதம் ஒரு காலையில் ஜெயபாலை உதைத்துவிட்டாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில், மீட்டர் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து நிதானமாக மிதிக்க வேண்டிய கிக்கரை அவன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுவது போலத் தட்டினான். அது சும்மா விடுமா? அதே வேகத்தில் திரும்பி வந்து வலது கணுக்கால் எலும்பில் போட்டது ஒரு போடு. காலில் இருந்த ரப்பர் செருப்பு பறந்துபோய் எதிர் வீட்டுக் கோலத்தின் நடுவில் விழுந்தது. நீல வார் அறுந்துபோனதால் அருள்செல்வி பச்சை வார் மாட்டிக் கொடுத்திருந்த செருப்பு அது. இடது கால் செருப்புக்கு இன்னும் பழைய நீல வாரே இருந்தது. குவார்ட்டர்ஸில் எங்கே கிடந்தாலும் ஜெயபாலின் செருப்பு என்று குழந்தைகூடச் சொல்லும்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்றைக்கே அருள்செல்வி தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். ராணுவ உடுப்பு தைக்கிற வேலையில் இருந்தவள் என்பதால் அவள் வார்த்தையும் அளந்து வெட்டினாற்போல்தான் இருக்கும்.

"இந்தா பாருய்யா. கணுக்கால மூடற மாதிரி ஒரு பூட்ஸ் வாங்கு. அது கால்ல இல்லாம வண்டி ஒரு அடி நகர்ந்துச்சுன்னு தெரிஞ்சுது, சாவி எங்க அண்ணன் கைக்குப் போய்டும்."

அண்ணன் என்றால் பால்ராஜ். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் மரக்கடை. ஆள் நல்ல கனம். அந்த வண்டி மேல் அவருக்கு வருஷக் கணக்கில் ஒரு கண். வீட்டுக்கு வந்தால் தங்கையை நலம் விசாரிப்பதற்கு முன்னால் புல்லட்டின் டேங்கைத் தடவிக் கொடுப்பார். தங்கையின் தீர்ப்பைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து ஜெயபால் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அருள்செல்வி சொன்னால் செய்கிறவள். வண்டி போய்விட்டால் அவன் என்ன செய்வான்? நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முதலில் கையில் வெண்ணெய் இருக்கும்போது நெய்க்கு ஏன் அலைய வேண்டும் என்று, பேக்டரியில் கொடுத்த சேப்டி ஷூவை மாட்டினான். விரல் பக்கம் இரும்புத் தகடு. யானை மிதித்தாலும் தாங்கும். ஆனால் அந்தத் தடித்த மூக்கு கியர் லீவருக்கு அடியில் நுழையவில்லை. அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் வம்பாக நுழைத்தான், நுழைந்தது, பிறகு வெளியே வரவில்லை. பச்சை விளக்கு விழுந்தும் ஒரு காலால் தத்திக்கொண்டு நின்றவனைப் பின்னாலிருந்த லாரிக்காரன் ஆசை தீர வைதான். தவிர, அந்த ஷூ கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அதை வீட்டுக்காரி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அடுத்தது மழைக்குப் போடுகிற கம்பூட். கணுக்கால் என்ன, முழங்கால் வரைக்கும் மூடியது. உள்ளே கால் தனியாக, பூட்ஸ் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அரை நாளில் வேர்வை தேங்கி, நடந்தால் சளக் சளக் என்று சத்தம் வந்தது.

ஆகவே மூன்றாவது முறை ஜெயபால் புத்தியாகப் போனான். சேப்டி ஷூ கற்றுக் கொடுத்தது: மூக்கு மெலிதாக இருக்க வேண்டும். கம்பூட் கற்றுக் கொடுத்தது: காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். சாயங்காலம், நாள் முழுதும் நின்று கால் உப்பியிருக்கும் நேரமாகப் பார்த்து, தடித்த சாக்ஸோடு பூந்தமல்லியில் பழைய ராணுவச் சாமான் விற்கும் தசரதன் கடைக்குப் போய், வண்டியைக் கடை வாசலிலேயே நிறுத்தினான். பால்ராஜும் மரக்கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். உதவி செய்யத்தான் என்று சொன்னார்.

"இது கடிக்கும் மாப்ள," என்றார் முதல் ஜோடிக்கு. "இது வழுக்கும்," என்றார் இரண்டாவதற்கு.

மூன்றாவது ஜோடியை மாட்டிக்கொண்டு ஜெயபால் வண்டி மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டான். கறுப்புத் தோல். கெண்டைக்கால் பாதி வரைக்கும் உயரம். கணுக்கால் எலும்பு இருக்கிற இடத்தில் உள்ளே மெத்தென்று ஒரு திண்டு. ஒரு பக்கத்துக்கு ஒன்பது ஓட்டை, நீளமான கயிறு. கியரில் போட்டான், எடுத்தான், பிரேக் மிதித்தான். தரையில் சிந்திய ஆயிலில் காலை ஊன்றிப் பார்த்தான், வழுக்கவில்லை. முள்ளைப் பார்த்து நிதானமாகக் கிக்கரை மிதித்தான். வண்டி தட தட என்று எழுந்துகொண்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

"இன்னா மச்சான், இதுக்கு ஒண்ணும் சொல்லலியே?"

"நல்லாத்தான் கீது," என்றார் பால்ராஜ், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

அருள்செல்வி பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள். கணுக்கால் திண்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். "இது காலைக் காப்பாத்தும்," என்றாள். ஜெயபால் அன்றைக்கு ராஜா மாதிரி தூங்கினான்.

வினை டிசம்பரில் வந்தது. பூட்ஸ் வாங்கும்போது கியரைப் பார்த்தான், பிரேக்கைப் பார்த்தான், ஆயிலைப் பார்த்தான். வாசற்படியைப் பார்க்க மறந்துவிட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கோயில் பாட்டுக் குழு சாயங்காலங்களில் வீடு வீடாகப் போய் கேரல் பாடும். மற்றவர்கள் வேனில் வருவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா மட்டும் ஜெயபாலின் புல்லட்டில் பின்னால் உட்கார்ந்து, மிட்டாய் மூட்டையோடு தட தடவென்று வந்து இறங்குவார். ஆவடியில் வேறு எந்தக் குழுவுக்கும் அந்தக் கம்பீரம் கிடையாது. தாத்தா வேஷம் எப்போதும் பால்ராஜுக்குத்தான். அவருக்கு வயிற்றில் தலையணை கட்ட வேண்டாம்.

முதல் வீட்டில் வேனில் வந்தவர்கள் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனார்கள். ஜெயபால் படியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தான். ஒன்பது ஓட்டை இந்தப் பக்கம், ஒன்பது அந்தப் பக்கம், அப்புறம் இன்னொரு கால். வலது பூட்ஸை உருவும்போது உள்ளே இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இடது பூட்ஸை உருவும்போது ஜெபம் முடிந்து ஆமென் சொன்னார்கள். அவன் உள்ளே காலெடுத்து வைத்தபோது எல்லோரும் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கேக் தட்டில் துகள் மட்டும் இருந்தது. அவன் திரும்பி உட்கார்ந்து கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். கடைசி வீடு வரைக்கும் இதே கதைதான். ஊருக்கெல்லாம் பாட்டு, ஜெயபாலுக்கு மட்டும் படிக்கட்டு.

மறுநாள் அவன் ஒரு காரியம் செய்தான். வீட்டிலிருந்து பூட்ஸோடுதான் கிளம்பினான். தெரு முனை திரும்பியதும் அதைக் கழற்றி மிட்டாய் மூட்டைக்குப் பின்னால் கட்டிவிட்டு, பக்கப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த நீல வார் பச்சை வார் செருப்பை மாட்டிக்கொண்டான். அன்றைக்குப் பாடினான், கேக் தின்றான், எல்லாம் செய்தான். அடுத்த நாளும் அப்படியே. பால்ராஜ் பார்த்தார். தாத்தா முகமூடிக்குள் சிரித்தாரா முறைத்தாரா என்று தெரியவில்லை. "நான் இன்னாத்துக்கு அவகிட்ட சொல்லணும்? அவளுக்கே கண்ணு கீது," என்றார்.

அந்த இரண்டாம் நாள் வெள்ளானூரில் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது கிக்கர் மறுபடியும் திருப்பி அடித்தது. மயிரிழையில் கணுக்காலைத் தவறவிட்டு, செருப்பின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ஜெயபால் கணுக்காலைத் தடவிப் பார்த்தான். பொண்டாட்டியை ஏமாற்றலாம், எலும்பை ஏமாற்ற முடியுமா? அப்படியே உட்கார்ந்து பூட்ஸை எடுத்து மாட்டினான். நாளைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே கட்டியவன், பக்கத்தில் நின்ற தாத்தாவின் கம்பூட்டைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. இத்தனை வீட்டிலும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போகிற ஒரே ஆள் கிறிஸ்துமஸ் தாத்தா. பனி நாட்டிலிருந்து வந்தவரிடம் யார் போய் பூட்ஸைக் கழற்றச் சொல்வார்கள்?

"மச்சான், நாளைக்கு ஒரு நாள் அந்த வேஷத்த எனக்குக் குடேன்."

பால்ராஜ் முகமூடியைத் தூக்கினார். கொடுக்க மாட்டார் என்றுதான் ஜெயபால் நினைத்தான். அவரோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து ஒரு கம்பூட்டை இழுத்து உருவினார். சாக்ஸ் இல்லாத கால் ரப்பரில் உரசி உரசி, குதிகாலில் தோல் வழன்று சிவந்திருந்தது.

"மானம் போய்டும்னுதான் வாயத் தொறக்கல மாப்ள. உசுரு போவுது. வேஷத்த நீ எடுத்துக்கோ. அந்தச் செருப்ப எனக்குக் குடு."

மறுநாள் தலையணை வயிற்றோடும் ஒன்பது ஓட்டை பூட்ஸோடும் ஜெயபாலே தாத்தா. ஓட்டும்போது முகமூடியை உச்சந்தலைக்குத் தள்ளிவிட்டதால் தாத்தா வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பின்னால் பால்ராஜ், கிழிந்த செருப்பில் கால் விரலை ஆட்டி ஆட்டிக் காற்று வாங்கினார். எல்லா வீட்டிலும் ஜெயபால் பூட்ஸோடு கம்பீரமாக உள்ளே போனான். எங்கே போனாலும் முதல் கேக் தாத்தாவுக்குத்தான். இந்த யோசனை முதல் நாளே வந்திருக்கக் கூடாதா என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

கடைசி வீடு அவன் வீடு. பண்டிகைக்காகத் தரையைத் தேய்த்துக் கழுவி, அருள்செல்வி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். குழு செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனது. தாத்தா மணியை ஆட்டிக்கொண்டு படியேறினார். அருள்செல்வி கையைக் குறுக்கே நீட்டினாள்.

"தாத்தாவா இருந்தா இன்னா, யாரா இருந்தா இன்னா? என் ஊட்ல பூட்ஸ் வாசலோட சரி."

தாத்தா உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். அருள்செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தவள், செருப்புக் குவியலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. நீல வார் ஒன்று, பச்சை வார் ஒன்று. பச்சை வார் செருப்பின் ஓரம் கிழிந்திருந்தது. கையில் எடுத்துப் பார்த்தாள்.

"கிக்கர் அடிச்ச கிழிசல்தானே இது?"

உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. பால்ராஜ் நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாயைத் திறக்காமல் நின்றாலே போதும், வண்டி அவர் கைக்கு வந்துவிடும். ஆனால் அவர், "அத நான்தாம்மா எடுத்துகினு போனேன். என் கால் புண்ணு. நான்தான் எங்கியோ மாட்டிக் கிழிச்சிட்டேன்," என்றார். ஜெயபால் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். வண்டி மேல் கண் வைத்த மனுஷனா இவர்?

முகமூடியைக் கழற்றினான். "இல்ல அருளு. மச்சான் எனக்காகச் சொல்றாரு. ரெண்டு நாளா நான்தான் இதப் போட்டுகினு ஓட்டனேன். நேத்து அடிச்சுது. பயந்துட்டேன்." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

அவள் சாவியை அண்ணனிடம் கொடுத்தாள். பால்ராஜ் அதை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் நின்றார். "அப்டியே அந்தப் பூட்ஸையும் எடுத்துகினு போ," என்று சொல்லிவிட்டு அருள்செல்வி உள்ளே போய் எல்லோருக்கும் கேக் வெட்டினாள். தாத்தாவுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

அதற்கப்புறம் பண்டிகை வரைக்கும் ஜெயபால் பஸ்ஸில் போனான். வாசலில் புல்லட் இருந்த இடத்தில் ஆயில் கறை மட்டும் இருந்தது. அதைத் துடைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று விடியலில் தெருவில் தட தட என்று சத்தம் கேட்டது. எத்தனை புல்லட் வந்தாலும் தன் வண்டியின் சத்தம் அவனுக்குத் தெரியும். ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். பால்ராஜ் வண்டியை நிறுத்திவிட்டுப் புது வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். வாசற்படியில் பூட்ஸ் ஜோடியாக உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றின் உள்பக்க விலாவிலும் மேலிருந்து கீழ் வரைக்கும் கெட்டியான பித்தளை ஜிப். கணுக்கால் திண்டு அப்படியே இருந்தது. ராணுவ ஜாக்கெட்டுக்குப் போடுகிற ரகமாகப் பார்த்து ஜிப்பைக் கடையில் வாங்கி, பூந்தமல்லிக்கே போய், எங்கே வெட்ட வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தவள் அருள்செல்வி. தோலில் தைத்துக் கொடுத்தவர் பூட்ஸை விற்ற தசரதன்.

ஜெயபால் வலது காலை நுழைத்தான். கட்டைவிரலில் ஏதோ குத்தியது. கையை விட்டு எடுத்தான். வண்டிச் சாவி.

"உனக்கு வண்டி வேணும். எனக்கு உன் காலு வேணும்," என்றாள் அருள்செல்வி அவன் பின்னாலிருந்து. "நடுவுல தகராறு அந்தக் கயிறுதானே? அத மொத நாளே என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? நான் தையக்காரிதானேய்யா." பால்ராஜ் வானத்தில் எதையோ தேடுவது போல நின்றார்.

கோயிலுக்கு இருவரும் புல்லட்டில்தான் போனார்கள். வாசலில் ஜெயபால் குனிந்தான். சர்ர் என்று ஒரு ஜிப், சர்ர் என்று இன்னொன்று. வெறுங்காலோடு முதல் படியில் ஏறி நின்றான். திரும்பிப் பார்த்தால் அருள்செல்வியைக் காணோம். கீழே, பண்டிகைக்கு எடுத்த புதுச் செருப்பின் பக்கிளோடு அவள் போராடிக்கொண்டிருந்தாள். உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ஜெயபால் இறங்கி வந்து அவள் காலடியில் உட்கார்ந்து பக்கிளை அவிழ்த்தான்.