மண் இளகிய இடம்

இரும்புக் கம்பி நான்காவது இடத்தில்தான் இறங்கியது. முதல் மூன்று இடங்களில் அரையடிக்குள் பாறையில் முட்டிக் கையை அதிரவைத்தது. இங்கே மட்டும், கீழிருந்து யாரோ வாங்கிக்கொண்டதுபோல வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்தீங்களா!" ஒருங்கிணைப்பாளர் பெண் குதித்தாள். "எவ்வளவு உயிரான மண்ணு! கொம்பு புதைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது."

சுற்றி நின்ற முப்பது தன்னார்வலர்கள் கைதட்டினார்கள். சாணம் அடைத்த பசுக்கொம்புகள் கூடையில் காத்திருந்தன. ஆறு மாதம் மண்ணுக்குள் கிடந்தால் சாணம் உரமாகும். அதைக் கரைத்துத் தெளித்தால் பாழ்நிலம் மறுபடி காடாகும் என்பது அந்த உயிராற்றல் வேளாண் மையத்தின் நம்பிக்கை.

இருவர் மட்டும் கைதட்டவில்லை. சலவைக்கூடத்தில் வாரம் ஆறு நாள் விரிப்புகள் துவைப்பவள் ஒருத்தி. அவளுடைய நாத்தனார் இன்னொருத்தி. மண் ஏன் இளகிக் கிடக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இது கல்குவாரி. ஒரு மழைநாள் காலையில் மேல்சரிவு பெயர்ந்து, கீழே கல் உடைத்துக்கொண்டிருந்த நான்கு பேர் மேல் விழுந்தது. அவர்களில் ஒருவன் துவைப்பவளின் கணவன், நாத்தனாரின் அண்ணன். இரண்டே நாளில், உடல்களை எடுக்காமலே நிர்வாகம் பள்ளத்தை நிரவிவிட்டது. 'உங்கள் கணவர் சரிவுக்கு முந்தைய தினமே வேலையை விட்டு நின்றுவிட்டார்' என்று அவளுக்குக் கடிதம் வந்தது. இறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அரசாங்கக் காகிதங்களில் இன்றுவரை அவள் கணவனால் கைவிடப்பட்டவள்.

குவாரி இந்த மையத்திடம் கைமாறி வேலி போட்டபின் உள்ளே விட்டது தன்னார்வலர்களை மட்டும்தான். அதனால் நான்கு மாதமாக வார விடுமுறையில் இருவரும் தன்னார்வலர்கள்.

"லீவு நாள்ல சும்மா வந்து மண்ணு வெட்டுற ஒரே குடும்பம் நம்மதான் அண்ணி" என்றாள் நாத்தனார். "வெளியே சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க."

"சிரிச்சுட்டுப் போறாங்க. நீ ஓங்கிப் போடாதடி. மெதுவா வெட்டு."

பக்கத்தில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்த ஒரு பேங்க் ஆபீசர் நெற்றியைத் துடைத்தார். "ஏம்மா, மண்ணுக்கு வலிக்குமா என்ன?"

"இங்க வலிக்கும் சார்."

அவர் பெரிதாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டு, கூடையோடு வேறு பக்கம் போய்விட்டார்.

இரண்டடி ஆனது. "போதும்க்கா, ஏறி வாங்க" என்று மேலிருந்து குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் மேடம். அடியில ஈரம் நல்லாருக்கும்."

"அக்காவோட ஆர்வத்தைப் பாருங்க!" என்று ஒருங்கிணைப்பாளர் போனில் படம் எடுத்தாள்.

மூன்றரை அடியில் நாத்தனாரின் மண்வெட்டி மெத்தென்று எதிலோ சிக்கியது. அவள் மண்வெட்டியைத் தூர வைத்தாள். இருவரும் விரல்களால் மண்ணைத் தள்ளினார்கள். ஒரு பூட்ஸ். கயிறு இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. தூக்கியபோது உள்ளே ஏதோ கலகலத்தது.

"அண்ணனோடதா அண்ணி?" குரல் காற்றாகத்தான் வந்தது.

"நாலு பேர்ல யாரோடதா இருந்தா என்ன? வேலையை விட்டுப் போனவன் முடிச்சைக்கூட அவுக்காமயா போவான்? காலையும் சேத்தா விட்டுட்டுப் போவான்?"

ஒருங்கிணைப்பாளர் குனிந்து பார்த்தாள். "ஏதோ எலும்பா இருக்கும்க்கா, நாய் எங்கயிருந்தாவது இழுத்துட்டு வந்திருக்கும்" என்றாள். நாத்தனார் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. போனை எடுத்துக்கொண்டு அலுவலகப் பக்கம் ஓடினாள்.

திரும்பி வந்தபோது நிதானமாக நடந்து வந்தாள்.

"நம்ம மைய இயக்குநர் சொல்லிட்டார். இன்னையிலிருந்து இது தொடாநிலம். இங்க இனி மனுஷக் கையே படக்கூடாது. கொம்பை வேற இடத்துல புதைச்சுக்கலாம்."

"போலீசுக்குச் சொல்லுங்க மேடம்."

"அதெல்லாம் அவர் பாத்துக்குவார்க்கா. பள்ளத்தை மூடணும், மேல வாங்க. எல்லாரும் காத்திருக்காங்க."

பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் அவள் மறுபடி குனிந்தாள். நாத்தனாரும் ஏறவில்லை.

தன்னார்வலர்கள் பள்ளத்தைச் சுற்றி வட்டமாக வந்து நின்றார்கள். எல்லார் கையிலும் மூடிய மண்ணில் தூவப் புல்விதை இருந்தது. என்ன கிடைத்தது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

"மூடுறதுக்கு முன்னாடி மண்ணுக்கு நன்றி சொல்வோம். ஒரு நிமிஷ மௌனம்" என்றாள் ஒருங்கிணைப்பாளர்.

முப்பது பேரும் கண்களை மூடித் தலை குனிந்தார்கள். பேச்சும் செருமலும் அடங்கின. பள்ளத்துக்குள்ளிருந்து நகங்கள் மண்ணைப் பிறாண்டும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ப்ளீஸ்க்கா, சத்தம் போடாதீங்க" என்றாள் ஒருங்கிணைப்பாளர், கண்ணைத் திறக்காமல்.