துரையின் எடைக்குக் கருவாடு

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் கிடங்குத் துரைக்கு எடைக்கற்கள் மேல் நம்பிக்கை கிடையாது. தன் உடம்பின் மேல் மட்டுமே நம்பிக்கை. வெள்ளிக்கிழமைதோறும் தராசின் ஒரு தட்டில் அவர் ஏறி உட்காருவார். மறு தட்டில் குப்பத்து ஆட்கள் அவர் எடைக்குக் கருவாடு கொட்ட வேண்டும். எட்டுக் கூடை பிடிக்கும்.

ஒரு வாரம் மாசிலாமணியின் பங்கில் அரைக்கூடை குறைந்தது. துரை அவன் படகை வெட்டி விறகாக்கிக் கோட்டைச் சமையல்கட்டுக்கு அனுப்பினார். அங்கே சமைப்பவள் எல்லம்மா, மாசிலாமணியின் பெண்டாட்டி. அன்றைக்குத் துரையின் வாத்துக்கறி அவள் படகில்தான் வெந்தது. நன்றாகவே வெந்தது. அதன்பிறகு மற்ற விறகோடு நாளுக்கொரு துண்டாகப் படகையும் அடுப்பில் வைத்தாள், மறந்துவிடாமலிருக்க.

படகில்லாத மாசிலாமணி ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவினான். துரையின் சோற்றில் எதையாவது கலந்துவிடும்படி எல்லம்மாவிடம் சொன்னான். அவள் ஒப்பவில்லை.

"இவன் செத்தா இன்னொருத்தன் வருவான்யா. அவன் பன்னெண்டு கூடை இருந்தா இன்னா பண்ணுவே?"

எல்லம்மா குழம்பில் வெண்ணெயைப் பாதியாக்கி, அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினாள். கரண்டிக் கணக்கு குறையாததால் துரைக்குச் சந்தேகம் வரவில்லை. இரண்டு மாதத்தில் ஏழு கூடையானார். அப்புறம் நின்றுவிட்டார். ஆறு வெள்ளிக்கிழமையும் அதே ஏழு. வேறெங்கோ தின்கிறார் என்று அவள் ஒரு வாரம் வேவு பார்த்தாள். பாவம், எங்கும் தின்னவில்லை.

விடை சமையல்கட்டு மூலையில் இருந்தது. மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டி. நாளுக்கு எட்டுக் குடம் ஊற்றியபோது கழுத்தளவு நின்றது. ஐந்தாகக் குறைத்ததும் இறங்கியது, ஆனால் வற்றவில்லை. மட்டம் இறங்க இறங்க ஒழுகலும் மெலிந்து, ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமான இடத்தில் நின்றுகொண்டது. துரையும் அப்படித்தான். பெரிய உடம்பைச் சுமக்க நிறையச் சோறு செலவானது. உடம்பு இளைத்ததும் செலவும் இளைத்து, குறைத்த சோறே போதுமென்றாகிவிட்டது. இன்னும் இறக்க வேண்டுமானால் ஊற்றுவதைக் குறைக்க வேண்டும், அல்லது விரிசலைப் பெரிதாக்க வேண்டும். எல்லம்மா இரண்டையும் செய்தாள்.

கோட்டைக் கிணற்று நீரில் காய்ச்சல் வருகிறதென்றும், கடலோர மணல்மேட்டு ஊற்றுக்குக் காலையும் மாலையும் நடந்துபோய்க் குடித்தால் வராதென்றும் பயபக்தியோடு சொன்னாள். காய்ச்சலுக்கு அஞ்சிய துரை மணலில் கால் புதையப் புதைய நடந்தார். ஆறு கூடை. மறுபடி நின்றார். எல்லம்மா பதறவில்லை, வெண்ணெயை அடியோடு நிறுத்தினாள். ஐந்து.

மழைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மாசிலாமணி நாலாவது கூடையைக் கொட்டியதும் கருவாட்டுத் தட்டு தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. துரை நழுவும் கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி மேலே தொங்கினார். தராசு பழுது என்றார். கிடங்கு ஆட்கள் சோதித்துப் பார்த்துப் பழுதில்லை என்றார்கள். குப்பத்தார் மீதி நாலு கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்று மதியம் துரை சமையல்கட்டுக்கே வந்து நின்று, இன்னொரு தட்டு கறி கேட்டார். எல்லம்மா அணைந்த அடுப்பைக் காட்டினாள்.

"வெறகு இல்லீங்க துரை. எங்க படகு தீந்துபோச்சி."