கொக்கி இல்லாத சுடிதார்

வேனிலிருந்து இறங்கியபோது ரோஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உடம்பில் கிடந்த நீலப் பருத்திச் சுடிதார் அவளே வெட்டி, அவளே தைத்தது. அதுவரை பக்கத்தையல் மட்டும் தெரிந்தவள், அடுத்த தெருத் தையல்காரி யாஸ்மினிடம் போய் முதுகில் திறப்பு விட்டுக் கொக்கி வைக்கப் படித்திருந்தாள்.

பட்டாசுக் கம்பெனி வாசலைத் தாண்டி இரும்பு போகக்கூடாது. வெடிமருந்து இருக்கிற இடத்தில் ஓர் உரசல் போதும். நைலான் உரசினாலும் பொறி பறக்கும் என்று பருத்தியாகப் பார்த்து வாங்கியவளுக்கு இது தெரியாததா? புதுத்துணி மயக்கத்தில் முதுகிலிருந்த இரும்புக் கொக்கியை மறந்துபோனாள்.

ஃபோர்மேன் காளிராஜ் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏளா, நில்லு. முதுகுல என்ன மினுங்குது?"

"கொக்கி, அண்ணாச்சி. மறந்துட்டேன். அங்கன ஒதுங்கி எடுத்துட்டு வாரேன்."

"சினிமாவுல நடிக்க வந்தியா, வேலைக்கு வந்தியா?"

பெண்களைச் சோதிப்பதற்கென்றே பொன்னுத்தங்கம் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளை ஒதுக்கிவிட்டு அவனே பிடித்து இழுத்தான். கொக்கியோடு துணியும் கிழிந்து வந்தது. லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னுத்தங்கம் தன் தோள்துண்டை எடுத்து ரோஜாவின் முதுகில் போர்த்தினாள்.

அன்று ரோஜா சுற்றிய காகிதக் குழாய் ஒன்றுகூட நேராக வரவில்லை. சாயந்திரம் வேனிலிருந்து இறங்கியவள், ஆத்திரம் ஆறாமல் யாஸ்மின் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"நல்லாப் படிச்சுக் குடுத்தீக அக்கா! ஊரு சிரிக்க முதுகு கிழிஞ்சதுதான் மிச்சம்!"

நடந்ததைக் கேட்டு யாஸ்மினுக்கு முகம் வாடிவிட்டது. "விசேஷ வீட்டுக்குன்னுல்ல நெனச்சேன். வேலைக்குப் போடப் போறேன்னு நீ சொல்லலையே, தாயி."

"ஏன், வேலைக்குப் போறவ நல்லதா உடுத்தக்கூடாதோ?"

"யாரு சொன்னா கூடாதுன்னு? காப்பித்தண்ணியக் குடி. பொறவு எம்புட்டு வேணும்னாலும் என்னைய வையி."

காப்பி குடிக்கிற நேரத்தில் யாஸ்மின் கிழிசலைப் பிரித்து, மிச்சத் துணியில் புதுப் பட்டி வெட்டினாள். பிறகு துணியைக் குறுக்குவாட்டில் ஒரு விரல் அகலம் நறுக்கி ரோஜாவிடம் கொடுத்தாள். அதைக் குழல்போல் மடித்துத் தைத்து, ஊசியை நூலோடு அதன் வழியே விட்டு இழுத்தால் உட்புறம் வெளியே வரும். ரோஜா கோபத்தில் வெடுக்கென்று இழுத்தாள், நூல் அறுந்தது.

"காளிராஜ் மேல உள்ளதத் துணிகிட்டக் காட்டாத. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

ரோஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அடுத்த தடவை மெல்ல இழுத்தாள். கயிறுபோல் வந்ததில் பாதியை வளையமாக்கித் தைத்தாள். மீதியை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். மிளகு உருண்டைபோல் துணிப் பொத்தான் வந்தது.

மறுநாள் அதே சுடிதாரில் வாசலுக்குப் போனாள். காளிராஜ் பார்த்துவிட்டு, "போ" என்று கைகாட்டினான். அவள் போகவில்லை.

"கொக்கிய எடுக்கச் சொன்னது நாயம், அண்ணாச்சி. எம்புட்டு உசுரு உள்ள இருக்குன்னு எனக்கும் தெரியும். ஆனா என் முதுகுல கைவச்சுக் கிழிச்சீகளே, அது எந்த நாயம்? ஒங்க வீட்டுப் பிள்ளைன்னா கிழிப்பீகளா?"

இந்தத் தடவை லோடுக்காரர்கள் சிரிக்கவில்லை. காளிராஜ் வரிசையில் அடுத்து நின்றவள் பக்கம் திரும்பினான்.

ரோஜா உள்ளே நடந்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது. பின்னால் யாருடைய தாவணியிலோ ஊக்கு இருந்திருக்க வேண்டும்.

"பொன்னுத்தங்கக்கா," காளிராஜின் குரல் கேட்டது. "இந்தப் பிள்ளைய ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயிக் கழட்டச் சொல்லுங்க."