ஒரு சாண் உயரத்தில் இருபத்துமூன்று கோழிகள்

வெள்ளையடிப்பவர் வீட்டுக் கோழிகள் இருபத்துமூன்றும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி, அங்கேயே நின்றுவிட்டன. சிறகடிக்கவில்லை. தரையில் நடப்பதைப் போலவே கால் மாற்றிக் கால் வைத்துக் காற்றில் நடந்து போய்க் கழுத்தைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்தன. பால்காரர் பார்த்தார், வழக்கம்போல அரை லிட்டர் அளந்து ஊற்றிவிட்டுப் போனார். நானும் பார்த்தேன். பொய் சொல்ல எனக்கு யாரும் கூலி தருவதில்லை.

கோழிகள் வெள்ளையடிப்பவருடைய மனைவியின் கோழிகள். அட்டைப் பெட்டியில் குஞ்சுகளாக வாங்கி வந்து, பல்பு வெளிச்சத்தில் சூடு காட்டி வளர்த்தவை. அந்த வருடம் மழை நின்ற பாடில்லை. அடைப்புக்குள் எச்சம் ஊறிக் குழைந்து, நாற்றம் படியேறி மாடிக்குப் போனது. மாடியில் இருந்த வீட்டு ஓனருக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. யார் வீட்டு அடுப்பில் எது அடிப்பிடிக்கிறது என்று படுக்கையில் இருந்தே சொல்லிவிடுவார். அவர் பாதிப் படி இறங்கி வந்து, "மாசக் கடைசிக்குள்ள நாத்தம் போகணும். இல்லேன்னா கோழி போகணும். கோழி போகாதுன்னா நீங்க போகணும்" என்றார். மனைவிக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கோழிகளைத் தன்னிடம் வைத்துக்கொள்வாளா என்று தங்கையைக் கேட்க, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் திரும்பி வருவதற்குள் நாற்றத்தை ஒழித்து அசத்திவிட வேண்டும் என்று வெள்ளையடிப்பவர் நினைத்தார். நல்ல மனசுதான், அதில் குறையில்லை. முப்பது வருடம் சுண்ணாம்போடு பழகிய கை. கடைக்காரர், "சுவத்துக்குத்தானே?" என்று கேட்டபோது, "எதுக்கா இருந்தா என்னய்யா? சுண்ணாம்பைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்று வாயை அடைத்துவிட்டார். சுவருக்கு, தண்ணீர் பட்டதும் கொதிக்கிற புதிதாகச் சுட்ட சுண்ணாம்புக் கல்தான் முதல் தரம்; ஆகவே கோழிக்கும் அதுவே முதல் தரம் என்பது அவர் கணக்கு. எச்சத்தை வாரவில்லை, கோழிகளை வெளியே விடவும் இல்லை. கல்லை இடித்துத் தூளாக்கி, ஈரத் தரையில் கனமாகக் கொட்டிப் பரப்பினார். பத்தே நிமிடத்தில் தரை கொதித்தது. நாற்றம் அடங்குவதற்குப் பதில் கண்ணைக் கரிக்கும் நெடியாகக் கிளம்பியது. மாடியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கோழிகள் ஒரு காலைத் தூக்கின. அதை இறக்கி மறு காலைத் தூக்கின. பிறகு இரண்டையும் சேர்த்துத் தூக்கின. கீழே வைக்க அவற்றுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மனைவி வந்து பார்த்தாள். தங்கை வீட்டில் இடமில்லை என்று சொல்ல வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்காமல் போய்க் கால்நடை டாக்டரம்மாவை அழைத்து வந்தாள். டாக்டரம்மா கோழிகளின் கால்களைத் துடைத்து, குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி மருந்து போட்டார். "புண்ணுக்கு மருந்து இருக்கு. மிதக்கிறதுக்கு இல்ல" என்றார். வெள்ளையடிப்பவரைப் பார்த்து, "சுட்ட சுண்ணாம்புல கால் வெந்துபோகும் சார். சுடாத கல்லை அரைச்ச மாவு இருக்கு, அதைப் போடுங்க. அதையும் கொஞ்சமா" என்றார். முப்பது வருட அனுபவம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டது.

அன்றிலிருந்து மனைவி கணவரோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைக் கோழிகளிடம் சொன்னாள். "அந்த ஆளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு" என்பாள். அவரும் தள்ளி நிற்பார். மிதக்கிற கோழி முட்டையிட்டால் முட்டை விழுந்து உடைகிறது என்பதால் வீட்டில் இருந்த நான்கு தலையணைகளும் அடைப்புக்குப் போயின. அவர் தலைக்குக் கையை வைத்துப் படுத்தார்.

அவர் கோழிகளைத் உறுதியான கூடைகளுக்குள் விட்டு, சுண்ணாம்பு படிந்த மண்ணையும் எச்சத்தையும் முழுக்க வாரி அப்புறப்படுத்தினார். மழை விட்டதும் தரையை வெயிலில் காயவிட்டார். மூக்கில் துணி கட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்மாவை மெல்லிசாகத் தூவி மண்ணோடு கிளறினார். தூசி அடங்கிய பிறகு மேலே காய்ந்த மரத்தூளைப் பரப்பினார். நாற்றம் நான்கு நாளில் அடங்கியது. ஆனால் திரும்பி வந்த கோழிகள் அதே ஒரு சாணில்தான் நின்றன. சூடு கண்ட கால் யார் பேச்சையும் நம்பவில்லை. வேறு வழி தெரியாமல் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அடைப்பின் நடுவில் வெறுங்காலோடு போய் நின்றார். மூன்று நாள் நின்றார். இருபத்துமூன்று கோழிகளும் சுற்றி நின்று அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள்தான் மாசக் கடைசி. வீட்டு ஓனர் முழுப் படியும் இறங்கி வந்து, மூன்று தடவை மூச்சை இழுத்துப் பார்த்து, "ஒண்ணுமே இல்லையே" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அந்த நேரத்தில் கழுத்து மொட்டைக் கோழி இறங்கி வெள்ளையடிப்பவரின் வலது பாதத்தின்மேல் நின்றது. அங்கிருந்து ஒரு காலை மரத்தூளில் வைத்துப் பார்த்தது. பிறகு அடுத்த காலையும் வைத்துச் சீய்க்கத் தொடங்கியது. மற்ற இருபத்திரண்டும் பொத்துப் பொத்தென்று இறங்கின. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கால் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது" என்றாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு அவரிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு.

அதைக் கேட்டதும் அவர் ஒரு சாண் மேலே எழும்பினார். இறங்கப் பார்த்தார், சந்தோஷம் விடவில்லை. "சரி, அப்படியே வாங்க. நிலைப்படியில தலையை இடிச்சுக்காதீங்க" என்றாள் மனைவி.

பதினோரு வருடம் ஆகிறது. சந்தோஷம் வருடத்துக்கு ஒரு முழம் வீதம் ஏறி, இப்போது இரண்டாவது மாடிச் சுவருக்கும் அவர் ஏணி கேட்பதில்லை, கூலியும் குறைப்பதில்லை. மாதம் ஒருமுறை, கல்மாவு தூவுகிற நாளில் மட்டும், மனைவி மாடிப்படி ஏறிப் போய்ச் சட்டை நுனியைப் பிடித்து அவரைக் கீழே இழுத்து நிறுத்துவாள். கோழிகள் அவருடைய வெறுங்காலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரும். அவருடைய ஏணி அடைப்புக்குள் சாய்ந்து கிடக்கிறது. சாயங்காலமானால் படிக்கு மூன்றாகக் கோழிகள் அதில் ஏறி அடைகின்றன.