டார்ச்லைட் படத்து நாய்

ரப்பர் கடையில் கணக்கெழுதும் கிராணி சேதுராமனின் புத்தி கடைத்தெருச் சுவரில்தான் ஒட்டியிருந்தது. மலாயாவுக்குச் சுதந்திரம் வரும் மெர்டேக்காவுக்கு ஐந்தாறு மாதம் இருக்கையில் டவுன் முழுக்க ஒரே டார்ச்லைட் விளம்பரம்: காது விறைத்து நிற்கும் ஓர் அல்சேஷன் நாய், அதைக் கண்டு கைலி அவிழ ஓடுகிற திருடன். சினிமாக் கொட்டகையில் படம் தொடங்குமுன்னும் அதே நாய்தான். விளம்பரக்காரன் விற்றது டார்ச்லைட்டை. இந்த மனுஷன் போய் வாங்கியது நாயை. அவர் மனைவி சிவகாமசுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டில் ஏற்கெனவே கரியன் இருந்தான். காஜா பேராங் சாலையில் யாரோ விட்டுப்போன கம்போங் நாய், வெறும் நாட்டு நாய். கோழிக்கூண்டில் மலைப்பாம்பு நுழைந்த அன்று குரைத்தே தெருவைக் கூட்டியவன். அல்சேஷனுக்குப் பெயர் கிங். சீமைக்குத் திரும்பிய துரை வீட்டில் ரொட்டி தின்று வளர்ந்த ஜென்மம். இடி இடித்தால் கட்டிலுக்கடியில் பதுங்கும். பழைய சாமான் வாங்குகிறவன் வந்தால்கூடக் கையை நக்கி உள்ளே அழைத்து வரும். அப்படியும் தெருசனம் வாயைப் பிளந்து பார்த்தது. தள்ளியிருக்கும் கம்போங் செட்டியிலிருந்துகூடக் குடும்பத்தோடு வந்தார்கள். இனி எந்தத் திருடனாவது இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா என்றார்கள். சேதுராமன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். வெட்கங்கெட்ட பெருமை!

நாய்க்கு லைசென்ஸ் எடுத்துத் தகரப் பட்டையைக் கழுத்தில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சுட்டுவிடுவார்கள். கரியனுக்கு இருந்தது. கிங்குக்கும் ஒன்று எடுங்கள் என்று சிவகாமசுந்தரி வாய் வலிக்கச் சொன்னாள். ரேடியோவுக்கு வீட்டுக்கு ஒரு லைசென்ஸ்தானே, நாய்க்கும் அதே கணக்குத்தான் என்றார் அவர். பெரிய சட்ட மேதை!

மெர்டேக்கா கொண்டாட்டத்துக்கு ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு காலையில் நாய் சுடுகிறவர்கள் வந்தார்கள். அவர்களில் மருதமுத்து என்பவர் துப்பாக்கியோடு வாசலில் நின்றார். நாய்க்கு நாய் தனிப் பட்டை வேண்டும், இதில் பட்டை இல்லாதது எங்கள் கணக்கு என்றார். இன்றைக்கே எடுத்து வருகிறோம் என்று சிவகாமசுந்தரி கெஞ்சிப் பார்த்தாள். தவணை கிடையாது என்றுவிட்டார்.

சேதுராமன் கிங்கைப் பார்த்தார். தெருவில் கூடியிருந்தவர்களைப் பார்த்தார்.

"பட்டை கிங்கோடதுதான். கழுத்து மாறிப்போச்சு" என்றார்.

சிவகாமசுந்தரி குறுக்கே வந்தாள். அது பொய், வருஷா வருஷம் கரியனுக்கு எடுக்கிற பட்டை என்று கத்தினாள். மருதமுத்துவோ படத்து நாயை நேரில் கண்ட பூரிப்பில் இருந்தார்.

"ஐயா சொல்றதுதாம்மா சரியா இருக்கும். இந்த மாதிரி நாயை எவனாச்சும் லைசென்ஸ் இல்லாம வளர்ப்பானா?"

அப்போ பட்டை இல்லாதது எது என்று மருதமுத்து கேட்டதும், சேதுராமன் கரியன் பக்கம் கையை நீட்டினார். கரியன் எழுந்து ஓடிவந்தான். பாதி வழியில் சுட்டார்கள். சத்தம் கேட்ட கிங் கட்டிலுக்கடியில் போய் மூத்திரம் விட்டது.

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்த சேதுராமன், வருத்தப்படாதே, கிளேபாங்கில் நல்ல குட்டியாகப் பார்த்து வாங்கித் தருகிறேன் என்றார். அவள் குழம்பை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க கையை நீட்டினதும், கூப்பிடுறீங்கன்னு நினைச்சுத்தான் ஓடிவந்தான்."